வீட்டில் கல்யாணம் வைத்தால் யாருக்கு என்ன குறைந்துவிடும்?

என் தம்பிக்கு வைகாசியில் கல்யாணம். வேலூர் தொரப்பாடியில் எங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டு நடத்துவதென்று தை மாதமே முடிவு செய்துவிட்டோம். அன்றிலிருந்து ஒரு நாள்கூட நிம்மதியாகச் சாப்பிட முடியவில்லை. வேலைக்கு நான் அஞ்சுகிறவள் இல்லை. "ஏன், மண்டபம் கிடைக்கவில்லையா?" என்று கேட்டுக் கேட்டே ஆளைக் கொல்கிறார்கள்.

கேட்கிற விதம் இருக்கிறதே, அதுதான் வயிற்றைப் பற்ற வைக்கிறது. துக்க வீட்டில் விசாரிப்பதுபோல் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். காட்பாடிப் பெரியப்பா நேராகவே சொல்லிவிட்டார்: "ஒரே பையன். அவன் கல்யாணத்தைத் தெருவில் வைத்தால் என் சம்பந்திகளை எந்த முகத்தோடு கூட்டிவருவேன்?" அவர் தம்பியான என் அப்பா, பதில் சொல்லாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப்புறம் போய்விட்டார். எனக்கு வந்த கோபத்தில் போன் கையைவிட்டு விழுந்துவிட்டது.

என் கல்யாணம் மண்டபத்தில்தான் நடந்தது. ஆறு வருடம் ஆகிறது. எங்கள் வழக்கப்படி பெண் அழைத்துப் போய் மாப்பிள்ளை வீட்டில்தான் தாலி கட்ட வேண்டும். ஆனால் பெண் வீட்டாரே மண்டபம் பிடிக்க வேண்டும் என்று பேச்சு வந்தது, அப்பா தலையாட்டிவிட்டார். ஒன்றரை நாளுக்கு வாடகை 1,70,000 ரூபாய். அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, அது மட்டும் 30,600. கரண்டுக்கு மீட்டர் பார்த்துத் தனிக் காசு. ஜெனரேட்டர் ஓடினால் டீசலுக்குத் தனி. கூட்டிப் பெருக்கத் தனி. சமையல்காரர் அவர்கள் சொல்கிறவர், மேடை அலங்காரம் அவர்கள் சொல்கிறவர். எங்கள் தெருப் பூக்காரம்மா கட்டிய மாலையை வாசலிலேயே நிறுத்தி, வெளிப்பூ உள்ளே வரக் கூடாது என்றார்கள். என்னைக் குழந்தையிலிருந்து பார்த்த அம்மாள் அவர்.

மறுநாள் மதியம் இரண்டு மணிக்குக் காலி செய்ய வேண்டும். கடைசிப் பந்தி நடக்கும்போதே நாற்காலிகளை மடித்து அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். என் அம்மா அதுவரை ஒரு வாய் சாப்பிடவில்லை. கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வாழை இலைத் துண்டில் இரண்டு கவளம் சோற்றை விழுங்கியதை இந்தக் கண்ணால் பார்த்தேன். பட்டுப்புடவையோடு மணமேடையில் இருந்த எனக்கு அன்றைக்கு வாய்விட்டு அழக்கூட முடியவில்லை. அந்தக் கடனுக்காக அடகுக்கடைக்குப் போன அம்மாவின் வளையல்கள் நாலு வருடம் கழித்துத்தான் வீடு திரும்பின. கௌரவம், கௌரவம் என்று இன்று பேசுகிறவர்களில் ஒருவராவது அந்த வட்டியில் பத்து ரூபாய் கட்டினார்களா?

இதே தெருவில், இதே வாசலில் 1988இல் என் அப்பா அம்மா கல்யாணம் நடந்தது. பெட்டியில் அந்தப் பத்திரிகை இன்னும் இருக்கிறது. கீழே "வட ஆற்காடு மாவட்டம்" என்று அச்சாகியிருக்கும், அடுத்த வருடம்தான் மாவட்டத்தைப் பிரித்தார்கள். முதல் நாள் ராத்திரி தெருப் பெண்கள் எல்லோரும் அரிவாள்மனையோடு வந்து உட்கார்ந்து விடிய விடியக் காய் நறுக்கினார்கள் என்று ஆயா சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். எதிர்வீட்டில் அண்டா, பக்கத்து வீட்டில் ஜமுக்காளம், மூன்றாவது வீட்டுத் திண்ணையில் மாப்பிள்ளைத் தோழர்களுக்குப் படுக்கை. காட்பாடிப் பெரியப்பா அந்தப் பந்தியில் சாம்பார் வாளி தூக்கியவர்! போட்டோகூட இருக்கிறது. அன்றைக்குத் தெரு நன்றாக இருந்தது, இன்றைக்கு அதே தெரு கேவலமாகிவிட்டதா?

உறவுக்காரர்கள் ஒரு பக்கம் என்றால், தொழில் செய்கிறவர்கள் இன்னொரு பக்கம். யாருக்குப் போன் செய்தாலும் முதல் கேள்வி "எந்த மண்டபம்?" வீடு என்று சொன்ன உடனே குரல் மாறுகிறது. ஒரு சமையல்காரர் 500 இலைக்குக் குறைந்தால் வரமாட்டாராம். எங்கள் வீட்டில் 200 இலை. முகூர்த்தச் சாப்பாட்டுக்கு 25 கிலோ அரிசி போட்டால் தாராளம். இன்னொருவர் வர ஒப்புக்கொண்டார், ஆனால் பட்டியல் அவருடையது: கோபி மஞ்சூரியன், பன்னீர், இரண்டு கலரில் அல்வா. இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயில் எண்ணெய்க் கத்திரிக்காய் வையுங்கள் என்றேன். "அதெல்லாம் கல்யாணத்தில் எடுபடாதும்மா" என்கிறார். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய காய், நம் மாவட்டத்தின் காய், நம் ஊர்க் கல்யாண இலையில் எடுபடாதென்றால் வேறு எங்கே எடுபடும்? பாத்திர வாடகைக் கடையில் எவர்சில்வர் டம்ளர் கேட்டால் பேப்பர் கப்பை நீட்டுகிறார்கள். பிளாஸ்டிக் பூசிய கப்புக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. அது அவர்களுக்கும் தெரியும், ஆனால் டம்ளர் கழுவ ஆள் இல்லையாம்.

பந்தல்தான் என்னை உண்மையாகவே அழவைத்தது. வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கத்திரி முடிந்தாலும் அனல் விடாது. அந்த வெயிலில் துணிப் பந்தல் போட்டால் உள்ளே இருக்கிறவர்கள் வெந்துவிடுவார்கள், தகரம் போட்டால் அதைவிட மோசம். தென்னங்கீற்றுப் பந்தல்தான் வேண்டும் என்று நான் நின்றேன். மூன்று பந்தல்காரர்கள் "கீற்றா? இப்போது யார் போடுகிறார்கள்?" என்று கைவிரித்தார்கள். கடைசியில் அணைக்கட்டுப் பக்கம் ஒரு பெரியவரைக் கண்டுபிடித்தோம். வந்தார், வாசலை அடியால் அளந்தார், இத்தனை கீற்று, இத்தனை சவுக்கு என்று விரல்விட்டுச் சொன்னார். "வீட்டுக் கல்யாணமா? நல்லது" என்றார். இத்தனை மாதத்தில் அந்தச் சொல்லைச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

இதற்கு நடுவில் சட்டம் படித்ததுபோல ஒரு மாமா. மண்டப ரசீது இல்லாமல் கல்யாணத்தைப் பதிவு செய்ய முடியாது என்று அம்மாவைப் பயமுறுத்திவிட்டார், அம்மா இரண்டு நாள் தூங்கவில்லை. மாமா, 2009ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தில் 90 நாளுக்குள் பதிவு செய் என்றுதான் இருக்கிறது, மண்டபத்தில் கட்டு என்று இல்லை. சொந்தக்காரர்களும் நண்பர்களும் பார்க்க மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ கல்யாணம் செல்லும் என்று 1967இலேயே தமிழ்நாட்டில் இந்து திருமணச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். தெரியாததைச் சொல்லி ஒரு தாயின் தூக்கத்தைக் கெடுக்காதீர்கள்.

தெருவில் பந்தல் போடப் போலீஸ் நிலையத்தில் எழுதிக் கொடுத்தாயிற்று. எங்கள் வரிசையில் ஒருவர் மட்டும் தன் காரை இரண்டு நாள் வேறு இடத்தில் நிறுத்த மாட்டேன் என்கிறார். அவர் அப்பா இறந்தபோது மூன்று நாள் எங்கள் வாசலில்தான் நாற்காலி போட்டிருந்தார்கள். நாங்கள் வாயைத் திறக்கவில்லை. அப்போது அது தெரு, இப்போது அது கார் நிறுத்தும் இடம்.

குடியாத்தத்திலிருந்து தம்பிக்கு மனைவியாக வருகிற பெண் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அண்ணி, கூட்டம் போன பிறகு நாம் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாமா?" அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். இரண்டு மணிக்கு யாரும் வந்து நாற்காலியை மடிக்கப் போவதில்லை. அம்மாவுக்கு முதல் இலையை நானே போடுவேன்.

அடுத்த புதன்கிழமை காலை பந்தக்கால் நடுகிறோம். பெரியப்பாவின் சாம்பார் வாளி பரண்மேல் பத்திரமாக இருக்கிறது, இறக்கித் தேய்த்து வைத்துவிட்டேன். முதல் நாள் ராத்திரி காய் நறுக்க வருகிறவர்கள் அரிவாள்மனையைக் கையோடு கொண்டுவாருங்கள். எங்களிடம் இருப்பது இரண்டுதான்.