சம்னர் கோர்ட்டை எந்த வருஷத்துக்குத் திருப்புவது?

அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வெள்ளைச் சட்டை, ஒல்லியான டை, தோளில் வார். மோஸ் ரைட் என்ற 64 வயதுக் கறுப்பின விவசாயி சாட்சி நாற்காலியிலிருந்து எழுந்து, கையை நேராக நீட்டிக் காட்டுகிறார். படம் எடுத்தவர் எர்னஸ்ட் விதர்ஸ். விசாரணை நடக்கும்போது படம் எடுக்கக் கூடாது என்று தடை இருந்தும் எடுத்துவிட்டார்.

அந்த அறை அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், டல்லஹாச்சி கவுண்டியின் சம்னர் என்ற சிற்றூர் கோர்ட்டில் இருக்கிறது. கவுண்டி என்றால் நம் மாவட்டம் அளவுக்கு இருக்காது, பல இடங்களில் தாலுகா மாதிரிதான். இந்தச் சின்னக் கவுண்டிக்கு இரண்டு தலைமையிடம்: சார்ல்ஸ்டன் ஒன்று, சம்னர் ஒன்று. சம்னரில் இருப்பது சில நூறு பேர். சுற்றிலும் பருத்திக் காடு.

கட்டடம் அழகானது, அதைச் சொல்லத்தான் வேண்டும். 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கட்டியது. கனத்த செங்கல் சுவர், அரைவட்ட வளைவுகள், ஊருக்கே நேரம் சொல்லும் மணிக்கூண்டு. கோர்ட் ஹால் மாடியில். பருத்திப் பணம் புழங்கிய காலத்தில் 'நாங்களும் பெரிய ஊர்தான்' என்று காட்டிக்கொள்ள இப்படிக் கோட்டை மாதிரி கட்டினார்கள். வாசலில் 1913இல் வைத்த சிலை, உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்கச் சண்டையிட்ட தெற்குப் படையினருக்காக. 'நம் வீரர்கள்' என்று அதில் பொறித்திருக்கிறது. அந்தச் சிலையைத் தாண்டித்தான் ஒரு கறுப்பினத்தவர் நியாயம் கேட்க உள்ளே போக வேண்டியிருந்தது.

1955 ஆகஸ்டில், சிகாகோவிலிருந்து சொந்தக்காரர் வீட்டுக்கு வந்திருந்த 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில்லை ராய் பிரையண்ட், ஜே.டபிள்யூ. மைலம் என்ற இரண்டு வெள்ளைக்காரர்கள் நள்ளிரவில் தூக்கிப் போனார்கள். மூன்று நாள் கழித்து டல்லஹாச்சி ஆற்றில் உடல் கிடைத்தது, கழுத்தில் பருத்தி ஆலை விசிறியைக் கட்டி எறிந்திருந்தார்கள். உடல் இந்தக் கவுண்டி எல்லைக்குள் கிடைத்ததால் வழக்கும் சம்னருக்கு வந்தது. செப்டம்பரில் ஐந்தே நாள் விசாரணை. ஜூரியில், அதாவது குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் ஊர்க்காரர் குழுவில், 12 வெள்ளை ஆண்கள். வாக்காளர் பட்டியலிலிருந்துதான் ஜூரியை எடுப்பார்கள், கவுண்டியில் பெரும்பான்மையாக இருந்த கறுப்பினத்தவரில் ஒருவர் பெயர்கூட அதில் கிடையாது. பெண்களுக்கு ஜூரியில் இடமே இல்லை. ஆக, தீர்ப்பை எழுதியது அந்தப் பட்டியல்தான். கறுப்பினப் பத்திரிகையாளர்களுக்கு ஓரமாக ஒரு சீட்டாட்ட மேசை. கறுப்பினத்தவரான அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் சார்ல்ஸ் டிக்ஸுக்கும் அங்கேதான் இடம்.

அந்த ஹாலில் நின்று, வெள்ளைக்காரரைப் பார்த்து 'இவர்தான்' என்று கை நீட்டினார் மோஸ் ரைட். எம்மெட்டுக்குத் தாத்தா முறை. அவர் வீட்டிலிருந்துதான் பிள்ளையைத் தூக்கிப் போனார்கள். சாட்சி சொன்ன பிறகு விளைந்து நின்ற பருத்தியை விட்டுவிட்டு ஊரைவிட்டே போனார்.

ஜூரி 67 நிமிஷத்தில் விடுதலை என்றது. நடுவில் சோடா குடிக்காமல் இருந்திருந்தால் அவ்வளவு நேரம்கூட ஆகியிருக்காது என்று ஒரு ஜூரர் சொன்னார். விடுதலையான ராய் பிரையண்டும் ஜே.டபிள்யூ. மைலமும் 1956 ஜனவரியில் 'லுக்' பத்திரிகையில் காசு வாங்கிக்கொண்டு கொலையை ஒப்புக்கொண்டார்கள். ஒரே குற்றத்துக்கு இரண்டாம் முறை விசாரிக்கச் சட்டத்தில் இடமில்லை.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கும்போது முதலில் வரும் கேள்வி, எந்த வருஷத்துக்குத் திருப்புவது என்பது. பெரும்பாலும் கட்டி முடித்த வருஷத்தைச் சொல்வார்கள், கட்டடம் புத்தம் புதிதாக ஜொலித்த நாள் அது. சம்னரில் கோர்ட் ஹாலை 1955 செப்டம்பரில் இருந்த தோற்றத்துக்குத் திருப்பினார்கள். 'அவமானத்தை யாராவது பத்திரப்படுத்துவார்களா?' என்று ஒரு நண்பர் கேட்டார். பத்திரப்படுத்தத்தான் வேண்டும் என்பேன். வளைவையும் மணிக்கூண்டையும் மட்டும் காட்டி அந்த ஐந்து நாளை விட்டுவிட்டால், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை அது. அந்த மேசை எவ்வளவு ஓரத்தில் கிடந்தது, சாட்சி நாற்காலிக்கும் குற்றவாளிகளுக்கும் நடுவே எத்தனை அடி தூரம் என்பதையெல்லாம் புத்தகத்தில் படித்தால் மனசில் தங்காது. ஹாலில் நின்றால் உடம்புக்கே தெரியும்.

இது சும்மா கிடைத்ததும் இல்லை. ஊர் வாய் திறக்கவே அரை நூற்றாண்டு ஆனது. 2007 அக்டோபரில் கோர்ட் வாசலில் எம்மெட்டின் குடும்பத்தார் முன்னால் வருத்தத் தீர்மானத்தை வாசித்தார்கள். உடல் கிடைத்த ஆற்றங்கரையில் நட்ட நினைவுப் பலகையைத் திருடினார்கள், மறுபடி வைத்ததைச் சுட்டுத் துளைத்தார்கள். 2019இல் குண்டு துளைக்காத பலகை வைக்க வேண்டியதாயிற்று. 2023 ஜூலை 25, எம்மெட்டின் பிறந்தநாளன்று, இந்தக் கோர்ட்டையும் சேர்த்து மூன்று இடங்களைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள்.

அதற்காக அதை அருங்காட்சியகமாக்கிப் பூட்டி வைக்கவில்லை, அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. இன்றும் அது கவுண்டியின் கோர்ட்தான். ஜூரி இருக்கைகளில் இப்போது கறுப்பினத்தவர் உட்காருகிறார்கள், பெண்களும்.