மேக்னட்டை நகர்த்தினது போதும், எந்திரிச்சு வெளிய வாங்க சார்

2025 ஆகஸ்ட் 28, தூங்காதவன் எழுதுறது. மரியாதை, நாகரிகம், நடுநிலை மூணுக்கும் இன்னிக்கு லீவு.

க்ரிம்ஸ்பி டவுன். லீக் டூ டீம். மேலருந்து எண்ணினா நாலாவது படி. அவனுங்க மைதானத்துல 9,000 பேர் உட்கார்ந்தா ஹவுஸ்ஃபுல். லீக் கப்ல அவனுங்ககிட்ட 2-2, அப்புறம் பெனால்ட்டில 12-11-னு தோத்தாச்சு. நம்ம மான்செஸ்டர் யுனைடெட். இருபது தடவை இங்கிலாந்து சாம்பியன்.

"கப் மேட்ச்ல இதெல்லாம் சகஜம் ப்ரோ"ன்னு காலைல ஒருத்தன் மெசேஜ். சகஜம்தான். எவனுக்கும் எப்பவாச்சும் நடக்கும். எங்களுக்கு மட்டும் வாராவாரம் நடக்குது. ஞாயித்துக்கிழமை ஃபுல்ஹாம் மேட்ச்ல நம்ம கேப்டன் ப்ரூனோ பெனால்ட்டியை வானத்துக்கு அனுப்பி வச்சாரே, அந்தப் பந்து இன்னும் கீழ வந்து சேரல, அதுக்குள்ள இது.

மேட்ச் நம்ம டைம் ராத்திரி 12.30. கீழக்கரையில அந்த நேரத்துக்கு முழிச்சிருக்கறது நாங்களும் நாயும்தான். வீட்டுக்குள்ள புழுக்கம், மொட்டை மாடியில பாயைப் போட்டு, போனை தண்ணி டேங்க்ல சாய்ச்சு வச்சுட்டு உட்கார்ந்தாச்சு. துபாய்ல இருக்கற மச்சான் வாட்ஸ்அப் கால்ல. பக்கத்து மாடியில லிவர்பூல் ஃபேன் காக்கா (எங்க ஊர்ல அண்ணனை இப்படித்தான் கூப்பிடுவோம்). அவருக்கு இந்த மேட்ச்ல ஒரு வேலையும் கிடையாது. நாங்க அழறதைப் பார்க்கறதுக்குன்னே அலாரம் வச்சு எந்திரிச்சு வந்திருக்காரு. போன சீசன் அவங்க லீக் அடிச்சு எங்க இருபதுக்கு இருபது சமமாக்கிட்டாங்க. அன்னிலேருந்து அவருக்குத் தூக்கமே தேவைப்படறதில்ல.

22-வது நிமிஷம் க்ரிம்ஸ்பியோட வெர்னம் அடிக்கிறான். நம்ம கோல்கீப்பர் ஒனானா நின்னுக்கிட்டிருந்த அதே பக்கத்து போஸ்ட் வழியா பந்து உள்ள போகுது. 30-வது நிமிஷம் மேல வந்த பந்தைப் புடிக்க வெளிய வராரு, கை எங்கயோ, பந்து எங்கயோ, வாரன் தட்டி விட்டுட்டான். அங்க மழை கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. மழையில வழுக்குச்சுன்னு சொல்லாதீங்க. அந்தப் பக்கத்து கோல்கீப்பர் மேலயும் அதே மழைதான் பெஞ்சுது.

அப்பதான் கேமரா நம்ம கோச்சைக் காட்டுது. ரூபன் அமோரிம் பெஞ்ச்ல உட்கார்ந்து, மடியில சின்ன போர்டை வச்சு, அதுல மேக்னட்டை நகர்த்திட்டிருக்காரு. நகர்த்தறாரு. யோசிக்கிறாரு. திரும்ப நகர்த்தறாரு. பல்லாங்குழி ஆடற பாட்டிகூட எதிராளியை நிமிந்து ஒரு பார்வை பார்க்கும்.

சரி, 75-ல நம்ம எம்பூமோ ஒண்ணு, 89-ல மக்வயர் தலையால ஒண்ணு. 2-2. நான் டேங்க்கைத் தட்டின தட்டுல போன் கீழ விழுந்து ஸ்க்ரீன்கார்டு போச்சு. கீழருந்து உம்மா சத்தம் போடுறாங்க. அதெல்லாம் பரவாயில்ல. கேவலமான விஷயம் இனிமேதான்.

பெனால்ட்டி. என் போன்ல வர்றது நேரலைன்னு பேரு. துபாய் மச்சானுக்கு எனக்கு அரை நிமிஷம் முன்னாடியே ஓடுது. இது எவ்வளவு பெரிய சித்திரவதைன்னு அனுபவிச்சவனுக்குத்தான் தெரியும். என் ஸ்க்ரீன்ல ஆள் பந்தைக் கையில வச்சுக்கிட்டு நடந்து வந்துட்டிருப்பான், மச்சான் ஏற்கெனவே "ம்ம்ம்"ம்பான். அந்த "ம்ம்ம்" போச்சுன்னா, போயிடுச்சுன்னா, எந்தப் பக்கம் போச்சுன்னு நான் ஆராய்ச்சி பண்ணிட்டு உட்கார்ந்திருப்பேன். "டேய் வாயை மூடு, சத்தமே வரக்கூடாது"ன்னேன். சத்தத்தை நிறுத்திட்டான். அப்புறம் அவன் மௌனத்தை வச்சே ரிசல்ட் தெரிய ஆரம்பிச்சுருச்சு. அது இன்னும் மோசம்.

ஒனானா ஒண்ணைத் தடுத்தாரு. நல்லதையும் சொல்லணும்ல. ஆக, குன்யா அடிச்சா ஜெயிச்சோம். கதை முடிஞ்சுது, போய்ப் படுக்கலாம். 62.5 மில்லியன் பவுண்டு கொடுத்து வாங்கின ஆளு. பந்தை வைக்கிறாரு. பின்னாடி வர்றாரு. மச்சான்கிட்டருந்து மூச்சுகூட வரல. பக்கத்து மாடியிலருந்து மட்டும் "ஹெஹ்"னு ஒரு சத்தம். காக்காவோட போன் துபாயை விடவும் வேகம்! குன்யா இன்னும் ஓடவே ஆரம்பிக்கல, எனக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சும் பார்த்தேன். ஓடினாரு, அடிச்சாரு, க்ரிம்ஸ்பி கீப்பர் தடுத்துட்டான். தப்பாத் தெரிஞ்சிருக்கக்கூடாதான்னு கடைசி நொடி வரைக்கும் ஆசைப்பட்டேன் பாருங்க, அதுதான் யுனைடெட் ஃபேன்.

அப்புறம் ஆறாவது. ஏழாவது. எட்டாவது. இவன் அடிக்கிறான், அவனும் அடிக்கிறான். க்ரிம்ஸ்பி பசங்க ஒவ்வொருத்தனும் ஏதோ தினமும் செய்யற வேலை மாதிரி வந்து அடிச்சுட்டுப் போறானுங்க. முன்கள ஆட்டக்காரன் முடிஞ்சு, நடுக்கள ஆட்டக்காரன் முடிஞ்சு, தடுப்பாட்டக்காரன் முடிஞ்சு, ரெண்டு கோல்கீப்பரும் வந்து அடிச்சுட்டாங்க. ஒனானா அடிச்ச பெனால்ட்டி உள்ள போச்சு. கோல்கீப்பர் வேலையை விட அதுல நல்லா வராரு. கோல் போடறதுக்குன்னே வாங்கின ஷெஷ்கோ, 70 மில்லியனுக்கு மேல ஆகப்போற ஆளு, தடுப்பாட்டக்காரங்களை எல்லாம் முன்னாடி அனுப்பிட்டு வரிசையோட வால்ல வந்தாரு. பந்தி முடியற நேரத்துல வர்ற மாப்பிள்ளை.

இவ்வளவும் நடக்கும்போது கோச் பெஞ்ச்லயே உட்கார்ந்திருக்காரு. பார்க்கல. பார்க்கவே இல்ல. யோவ், நான் கீழக்கரையில கொசுக்கடியில உட்கார்ந்து பார்க்குறேன், என் ஸ்க்ரீன்ல கோடு விழுந்துருச்சு, விடிஞ்சா கடை திறக்கணும், எனக்கு இதுக்கு யாரும் சம்பளம் தரல. நான் பார்க்குறேன். நீங்க பார்க்கமாட்டீங்களா?

ஒரு சுத்து முடிஞ்சு ரெண்டாவது சுத்து. பதிமூணாவது அடி. எம்பூமோ. நல்ல ஆளு, மேட்ச்ல கோல் போட்டவரு, அவரைத் திட்ட மனசு வரல. மச்சான் கால் கட் ஆயிடுச்சு. நெட்வொர்க் போச்சோன்னு நெனச்சேன். இல்ல, அவனே கட் பண்ணிட்டான். அரை நிமிஷம் கழிச்சு என் போன்ல பந்து மேல் கம்பியில பட்டுச்சு.

காக்கா ஒண்ணும் சொல்லல. மாடிச் சுவரு மேல ஒரு டீ கிளாஸை வச்சுட்டு உள்ள போயிட்டாரு. ஆறின டீ. அந்த அனுதாபத்தைத்தான் தாங்க முடியல.

இப்ப விவாதத்துக்கு வருவோம். நம்ம க்ரூப்ல காலைலேருந்து ஓடுதே, அந்தக் கூத்துக்கு.

முதல் கோஷ்டி "டைம் குடுங்க". நம்ம பழைய கோச் ஃபெர்குசன் 1986-ல வந்தாரு, முதல் கப் 1990-லதான், அதனால பொறுமையா இருங்கன்னு நாள் தவறாம ஓதறானுங்க. அய்யா, அந்தக் காலத்துல ஃபெர்குசனோட ஆக மோசமான சீசன்ல 13-வது இடம். நம்மாளு முதல் சீசன்லயே 15. 42 புள்ளி. பிரீமியர் லீக் வந்ததுக்கப்புறம் இவ்வளவு கீழ நாம போனதே கிடையாது. அதோட யூரோப்பா லீக் ஃபைனல், பில்பாவோல, லீக்ல நமக்கும் கீழ 17-வதா கிடந்த டாட்டன்ஹாம்கிட்ட 0-1. டைம் கொடுக்கறதுல தப்பில்ல. அந்த டைம்ல என்ன நடக்குதுன்னு கேட்டா மட்டும் ஏன் கோவம் வருது?

ரெண்டாவது கோஷ்டி "ஃபார்மேஷன் சரி, ஆளுங்கதான் சரியில்ல". இதைக் கேட்டாத்தான் எனக்கு ரத்தம் கொதிக்குது. பின்னாடி மூணு பேர், நடுவுல ரெண்டே பேர். எதிராளி நடுவுல மூணு பேரை நிறுத்தினா நம்ம ரெண்டு பேரும் நடுரோட்ல மாடு நிக்கற மாதிரி நிக்கிறாங்க. லிஸ்பன்ல ஸ்போர்ட்டிங் க்ளப்ல இதே ஃபார்மேஷன்ல ரெண்டு தடவை லீக் அடிச்சாரு, ஒத்துக்கறேன். அங்க அதுக்கேத்த ஆளுங்க இருந்தாங்க. இங்க இருக்கறவனை வச்சு ஆட்டத்தை அமைக்காம, போர்டுல இருக்கற மேக்னட்டுக்கு ஏத்த மாதிரி மனுசனை வெட்டி ஒட்டறாரு. முன்கள ஆட்டக்காரனை ஓரத்துல ஏறி இறங்கி ஓடற விங்-பேக்காக்கி, கேப்டனை இன்னும் பின்னாடி இழுத்து, மைனூ மாதிரி ஒரு பையனை லீக்ல பெஞ்ச்ல உட்கார வச்சு... இந்த க்ளப்லயே வளர்ந்த பையன்யா அவன்.

அந்தப் போர்டுக்கு ஆள் வாங்கறவங்க கதை இன்னும் அழகு. இந்த வருஷம் குன்யா, எம்பூமோ, ஷெஷ்கோ மூணு பேருக்கு மட்டும் 200 மில்லியன் பவுண்டுக்கு மேல போகுது. நம்ம காசுல 2,000 கோடியைத் தாண்டும். மூணு பேரும் முன்னாடி ஆடறவங்க. ஓட்டை எங்க இருக்கு? கோல்லயும் நடுக்களத்துலயும். கூரை ஒழுகுதுன்னா வாசலுக்குப் புதுக் கதவு போடறது இவங்க ஸ்டைல். டிரான்ஸ்ஃபர் விண்டோ செப்டம்பர் 1-ம் தேதி மூடுது, கோல்கீப்பர் விஷயத்துல இன்னும் பேச்சுவார்த்தைதான்.

வித்ததைக் கேளுங்க. மெக்டாமினேயை 25 மில்லியனுக்கு நாப்போலிக்குத் தள்ளிவிட்டோம். அவரு போன முதல் சீசன்லயே இத்தாலி லீக்கை ஜெயிச்சு, அந்த லீக்கோட சிறந்த ஆட்டக்காரர் விருதையும் தூக்கிட்டாரு. எலாங்காவை 15 மில்லியனுக்கு நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டுக்குக் கொடுத்தோம். ரெண்டே வருஷத்துல அவங்க நியூகாசிலுக்கு 50-க்கு மேல வித்து லாபம் பார்த்துட்டாங்க. நாம வாங்கினது? ஆண்டனி, 80 மில்லியனுக்கு மேல. அதுக்கு மேல சொல்ல வேண்டியதில்ல, ஒரே இடத்துல நின்னு சுத்திக்கிட்டே இருந்தாரு.

மூணாவது கோஷ்டி முதலாளிங்களைத் திட்டற கோஷ்டி. இதுல நானும் மெம்பர். கிளேசர் குடும்பம் 2005-ல கடன் வாங்கி க்ளப்பை வாங்கி, அந்தக் கடனை க்ளப் தலையிலயே கட்டினது ஊரறிஞ்ச கதை. 2024-ல ராட்கிளிஃப்னு ஒரு பணக்காரர் பங்கு வாங்கிட்டு வந்தாரு, இனிமே எல்லாம் புத்திசாலித்தனமா நடக்கும்னாங்க. முந்தின கோச் டென் ஹாக்கை வச்சுக்கலாமா வேண்டாமான்னு ஊரெல்லாம் விசாரிச்சு, வச்சுக்கலாம்னு முடிவு பண்ணி, ஜூலைல ஒப்பந்தத்தை நீட்டிச்சு, அக்டோபர்ல வீட்டுக்கு அனுப்பினாங்க. ஸ்போர்ட்டிங் டைரக்டரா ஆஷ்வொர்த்னு ஒருத்தரைப் பல மாசம் காத்திருந்து நஷ்டஈடு கொடுத்துக் கூட்டிட்டு வந்தாங்க, அஞ்சு மாசத்துல அவரையும் அனுப்பிட்டாங்க. காசு இல்லன்னு ஊழியர்களுக்கு நூத்துக்கணக்குல வேலை போச்சு, நம்ம மைதானம் ஓல்ட் ட்ராஃபோர்டு ஊழியர்களோட இலவச மதியச் சாப்பாட்டையும் நிறுத்திப் பழம் சாப்பிடுங்கன்னாங்க. சோத்துல மிச்சம் புடிச்ச காசுல எத்தனை பெனால்ட்டி வாங்கலாம்னு யாராச்சும் கணக்குப் போட்டுச் சொல்லுங்க.

காலைல படகுத்துறை பக்கம் டீக்கடையில படகுக்கார மாமா கேக்குறாரு, "யாருகிட்டடா தோத்தீங்க, மூஞ்சி இப்படி இருக்கு?" க்ரிம்ஸ்பின்னு ஒரு ஊரு மாமா, மீன்பிடித் துறைமுகம், ஒரு காலத்துல உலகத்துலயே பெருசுன்னு பேரு வாங்கினது, அவங்க ஃபேன்ஸ் மேட்ச்சுக்குக் காத்தடிச்ச பிளாஸ்டிக் மீனைத் தூக்கிட்டு வருவாங்கன்னு சொன்னேன். மனுசன் நிமிந்து உட்கார்ந்துட்டாரு. "இப்ப ஏன் பெருசு இல்ல?" ஐஸ்லாந்துக்காரன் 200 மைல் எல்லை போட்டுட்டான் மாமா, 1976-ல இங்கிலாந்தும் அதை ஒத்துக்கிச்சு, படகெல்லாம் அங்க போக முடியாமப் போச்சு, தொழில் படுத்துருச்சுன்னேன்.

அவரு டீ கிளாஸைக் கீழ வச்சாரு. "எல்லை போட்டுட்டானா. அதுவும் 76-லயா." நமக்கும் இலங்கைக்கும் ரெண்டாவது கடல் எல்லை ஒப்பந்தம் போட்ட அதே வருஷம். நான் விளக்க வேண்டிய அவசியமே வரல. "அப்ப அவனுங்க ஜெயிச்சது சரிதான்"னு தீர்ப்பு சொல்லிட்டாரு. அடுத்த ரவுண்டு அவனுங்களுக்கு எப்பன்னு வேற கேக்குறாரு. ஒரு கீழக்கரைக்காரரை க்ரிம்ஸ்பி ஃபேனாக்கின பெருமை எனக்கு. சிரிப்பு வந்துருச்சு, என்ன பண்றது. ரெண்டு வடையை அவரு கணக்குல எழுதச் சொல்லிட்டு வந்தேன்.

மச்சான் இப்ப ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கான். இனிமே யுனைடெட் மேட்ச் பார்க்கறதா இல்லையாம். கூடவே சனிக்கிழமை பர்ன்லி மேட்ச் நம்ம டைம் 7.30-க்கான்னும் கேட்டிருக்கான். போன பெருநாளைக்கு இவன் துபாய்லருந்து அனுப்பின ஜெர்சியில ராஷ்ஃபோர்டு 10-னு போட்டிருக்கு. ராஷ்ஃபோர்டு பார்சிலோனாவுக்குப் போயிட்டாரு, பத்தாம் நம்பரு குன்யாகிட்ட போயிடுச்சு. அதைப் போட்டுக்கிட்டு வெளிய போனா விசாரணை கமிஷன் வைக்கிறானுங்க. அதுக்கு முந்தினது சாஞ்சோ. என் முதுகுல பேரு ஏறினாலே அவன் ஊரை விட்டுப் போறான். அடுத்த தடவை முதலாளி பேரைப் போட்டு அனுப்புடான்னு சொல்லியிருக்கேன்.

இன்னொண்ணு, இதுக்கும் ஃபுட்பாலுக்கும் சம்பந்தமில்ல, ஆனா கோவம் மிச்சம் இருக்கு. எங்க தெருவுக்கு வர்ற குடிதண்ணி வண்டிக்காரர் விடிகாலை நாலரைக்கு வந்து ரெண்டே ரெண்டு ஹாரன் அடிச்சுட்டுப் போயிடறாரு. ராத்திரி பூரா முழிச்சிருந்தவன் அப்பதான் கண்ணை மூடுவான். குடம் காலி, உம்மா கோவம், சோறு லேட்டு. அண்ணே, மூணாவது ஹாரன் ஒண்ணு அடிச்சா டீசல் தீர்ந்துருமா?