புகைபோக்கியும் பக்கத்து வீடும்

லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்துக்கு எதிராகப் பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள், அதன் பார்வை மாடத்திலிருந்து வருகிறவர்கள் எல்லாம் எங்கள் வீட்டுக்குள் பார்க்கிறார்கள் என்று போட்ட வழக்கு நினைவிருக்கிறதா? 2023-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. "கண்ணாடி வீடு வாங்கினால் நாலு பேர் பார்க்கத்தான் செய்வார்கள், திரைச்சீலை போட்டுக்கொள்ள வேண்டியதுதானே" என்று பலருக்கும் கோபம். கீழ் நீதிமன்றத்தில் நீதிபதியே ஏறக்குறைய அப்படித்தான் சொல்லியிருந்தார். நானும் முதலில் அந்தக் கட்சிதான். இப்போது இல்லை.

அருங்காட்சியகம் இருக்கும் கட்டடம் முன்பு மின் நிலையம். தேம்ஸின் தென்கரை, எதிர்க்கரையில் செயின்ட் பால் தேவாலயம். தேவாலயத்துக்கு நேர் எதிரே புகைபோக்கியா என்று அன்றைக்கே எதிர்ப்பு இருந்தது. கட்டடக் கலைஞர் கில்ஸ் கில்பர்ட் ஸ்காட் புகைபோக்கியை 99 மீட்டரோடு நிறுத்திக்கொண்டார், தேவாலயக் குவிமாடத்தை அது தாண்டிவிடக் கூடாதென்று. எண்ணெயில் ஓடிய நிலையம். எண்ணெய் விலை ஏறியதும் கட்டுப்படியாகவில்லை, 1981-இல் மூடிவிட்டார்கள்.

2000-இல் அது அருங்காட்சியகமாகத் திறந்தது. அதை மாற்றியமைத்த கட்டடக் கலைஞர்கள் ஹெர்சாக், டி மியூரோன் இருவரும் டர்பைன்களை எடுத்துவிட்டு, அவை இருந்த கூடத்தைக் காலியாகவே விட்டார்கள். 155 மீட்டர் நீளம், 35 மீட்டர் உயரம். மேற்கு வாசலில் தரை சரிவாக இறங்கும். குழந்தைகள் அதில் உருளாத நாளே இருக்காது. 2007-இல் கொலம்பியச் சிற்பி டோரிஸ் சால்செடோ ஒரு கலைப்படைப்பாக அந்தத் தரையைப் பிளந்து 167 மீட்டருக்கு வளைந்து நெளியும் விரிசல் ஒன்றை உண்டாக்கினார். பிறகு அடைத்துவிட்டார்கள். ஆனால் குனிந்து பார்த்தால் தழும்பு தெரியும். எனக்கு அங்கே மிகவும் பிடித்த இடம் அதுதான்.

அருங்காட்சியகம் திறந்த வருடமே ஆற்றுக்கு மேல் நடைபாலமும் வந்தது (திறந்த இரண்டே நாளில் ஆட்டம் கண்டு மூடிய கதை தனி). கூட்டம் வந்தது. கூட்டத்தோடு விலை உயர்ந்த அடுக்குமாடிகளும் வந்தன, தரையிலிருந்து கூரை வரை கண்ணாடியாக. 2016-இல் அருங்காட்சியகம் பின்பக்கம் செங்கல் கோபுரம் ஒன்றை எழுப்பி, பத்தாவது தளத்தில் சுற்றிலும் பார்வை மாடம் வைத்தது. அந்த வீடுகளுக்கும் மாடத்துக்கும் இடையே சுமார் 34 மீட்டர்தான்.

நானும் அங்கே நின்றவன். ஆற்றைப் பார்க்கத்தான் போனேன். கண் போனது யாரோ ஒருவரின் சாப்பாட்டு மேசைக்கு. பக்கத்தில் ஒருவர் போனைப் பெரிதாக்கிப் படமெடுத்துக்கொண்டிருந்தார். வருடத்துக்கு ஐந்து லட்சம் பேருக்கு மேல் இப்படி. மிருகக்காட்சிசாலையில் இருப்பது போல என்று தீர்ப்பில் எழுதியதில் மிகை ஒன்றும் இல்லை. ஐந்து நீதிபதிகளில் இருவர் மாறுபட்டார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

பணக்காரர்கள்மேல் எனக்குப் பரிவு பொங்கவில்லை. ஆனால் பொதுமக்களுக்கான இடம் என்பதாலேயே அடுத்த வீட்டுக்குள் எட்டிப் பார்க்க உரிமை வந்துவிடுமா? மின் நிலையம் கட்டியவருக்கே எதிர்க்கரையை நினைத்து உயரத்தைக் குறைக்கத் தோன்றியது. கலைக்கூடம் கட்டியவர்களுக்குத் வீடுகள் இருக்கும் தெற்குப் பக்கம் மட்டும் மாடம் வைக்காமல் விட்டுவிடலாம் என்று தோன்றவில்லை. வடக்கே நின்றாலே புகைபோக்கி, ஆறு, குவிமாடம் எல்லாம் தெரியும். யார் வீட்டுச் சமையலறையும் குறுக்கே வராது.