ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0.2 என்று காட்டினாலும் ஓட்டை அடைபட்டிருக்கலாம்

அண்ணே, சுங்கை சிப்புட் தமிழ்ப்பள்ளிக் கணினிகளில் உபுண்டு 22.04 (லினக்ஸ் இயங்குதளம்), ஓப்பன்எஸ்எஸ்எல் (இணையத் தொடர்பை மறையாக்கும் மென்பொருள்) 3.0.2 என்று காட்டுவதால் சிவிஇ-2022-3602 என்று எண்ணிட்ட பாதுகாப்பு ஓட்டை அடைபடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி முடிவு செய்ய முடியாது. ஓப்பன்எஸ்எஸ்எல் குழு 3.0.7இல் அதைச் சரிசெய்தது உண்மைதான். உபுண்டுவோ பதிப்பை மாற்றாமல், திருத்தத்தை மட்டும் எடுத்து 3.0.2இலேயே சேர்த்துவிடும், 2022 நவம்பர் 1 அன்றே சேர்த்தும்விட்டது. பதிப்பைக் கேட்டால் இன்றும் '15 மார்ச் 2022' என்றுதான் வரும், பார்க்கிறவர்களுக்குப் பயம் வருவது இயல்பு.

கட்டளை அடிக்கும் டெர்மினலில் 'டிபிகேஜி -எல் லிப்எஸ்எஸ்எல்3' (dpkg -l libssl3) என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடித்து, வரும் எண்ணின் வாலைப் பாருங்கள். '0உபுண்டு1.7' அல்லது அதற்கு மேல் (கடைசிப் புள்ளிக்குப் பின் 7, 8, 10 என்று) இருந்தால் இந்த ஓட்டை அடைபட்டாயிற்று. குறைவாக இருந்தால் உடனே அப்டேட் போடச் சொல்லுங்கள், பிள்ளைகள் புழங்கும் கணினி அது.