சென்னைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர்கள்

சென்ற வாரம் தருமபுரியில் ஓர் இலக்கியக் கூட்டம். சென்னையிலிருந்து வந்திருந்த பேச்சாளர், “எழுதுகிறவன் சென்னைக்கு வந்தே ஆக வேண்டும், இலக்கியம் அங்கேதான் இருக்கிறது” என்றார். கைதட்டினார்கள். எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

சென்னையின் இலக்கியப் பெயரை நான் குறைத்துப் பேசவில்லை. பதிப்பகங்கள் அங்கே, பத்திரிகைகள் அங்கே, 1977 முதல் நடக்கும் புத்தகக் காட்சி அங்கே. ஆனால் அந்தப் பெயரைச் சம்பாதித்துக் கொடுத்தவர்கள் யார்? 1904இல் சுதேசமித்திரனில் வேலைக்குச் சேர்ந்த பாரதி எட்டயபுரத்துக்காரர். புதுமைப்பித்தன் நெல்லைச் சீமை. ஜெயகாந்தன் கடலூர். அசோகமித்திரன் செகந்திராபாத்தில் பிறந்து, 1952இல் சென்னைக்கு வந்து சேர்ந்தவர். பிழைக்க வந்தவனுக்குத்தான் நகரம் உறைக்கிறது. புதுமைப்பித்தன் கதையில் கடவுளே பிராட்வே பக்கம் நின்று திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். திக்குத் தெரியாமல் ஒருமுறையாவது அந்தத் தெருவில் நின்றவருக்குத்தான் அப்படி எழுத வரும்.

அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலைப் படித்தபோது நான் பென்னாகரத்தில் இருந்தேன். எங்கள் தெருவில் பலருக்குப் பற்களில் பழுப்புக் கறை. எனக்கும் உண்டு. நிலத்தடி நீரிலிருந்த ஃபுளோரைடு செய்த வேலை. காவிரி எங்கள் தாலுகாவிலேயே அருவியாகக் கொட்டுகிறது. அந்த நீரைக் குழாயில் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல்தான் தொடங்கியது. அதற்கு முன்பு அம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற நிலையும், அந்த நாவலில் சென்னைப் பெண்கள் குடத்தோடு அலைகிற அலைச்சலும் எனக்கு ஒன்றாகவே தெரிந்தன. அதுவரை சென்னை என்றால் கடலும் சினிமாவும்தான். அந்த நகரத்தை நான் நம்பத் தொடங்கியது ஒரு வறண்ட அடிகுழாயை வைத்துத்தான். மாநகரத்தின் இலக்கியப் பெருமை என்று நான் சொல்வது இதைத்தான்.

எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு நகரம் என்றால் பெங்களூர். திங்கட்கிழமை விடியற்காலையில் தருமபுரி பேருந்து நிலையத்துக்கு வந்து பாருங்கள். கரணையும் தூக்குக்குண்டும் வைத்த பையோடு மேஸ்திரிகள், தூக்கம் கலையாத குழந்தையைத் தோளில் போட்டபடி சித்தாள் பெண்கள், ஓசூர் வண்டிக்கு முண்டியடிப்பார்கள். அந்த நகரத்தின் அடுக்குமாடிகளில் இவர்கள் கை படாதது எத்தனை இருக்கும்? ஆனால் இவர்கள் கண்ட பெங்களூரை நான் தமிழில் போதுமான அளவு படித்ததில்லை. எனக்கு இது பெருங்குறையாகவே படுகிறது.

எங்கள் தருமபுரியை, அன்றைய தகடூரை, ஆண்ட அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவை சொன்னது புறநானூற்றில் இருக்கிறது. உன் ஆயுதங்கள் மயிற்பீலி சூடி, நெய் பூசி, காவலுள்ள பெரிய மனையில் இருக்கின்றன. அவனுடையவையோ பகைவரைக் குத்தி முனை சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாள். தகடூர்க்காரர்களான நாம் அந்தப் பாட்டை மேடையில் பெருமையாகச் சொல்லிவிட்டு, எழுத்து என்று வரும்போது பீலி சூட்டிய பக்கமே பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

எங்கள் தெருவில் ஒரு மேஸ்திரி அண்ணன் இருக்கிறார். பதினெட்டு வருடங்களாகப் பெங்களூர் வேலை. அவருடைய கூலிக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் மாரத்தஹள்ளி, ஒயிட்ஃபீல்டு என்று தான் வேலை செய்த இடங்களையும், எத்தனை மாடி, யார் யார் உடன் இருந்தார்கள் என்பதையும் குறித்து வைத்திருக்கிறார். ஒரு பெயருக்கு நேரே கோடு போட்டு, “சாரம் சரிந்தது” என்று எழுதியிருந்தது. கேட்டேன். ஒரு மணி நேரம் சொன்னார். அன்று அந்தக் கட்டடத்தில் மதியச் சோறு என்ன என்பது வரை நினைவிருந்தது.

“இதை அப்படியே எழுதுங்கள் அண்ணா” என்றேன்.

“எனக்குப் பிழையில்லாமல் எழுத வராதே தம்பி” என்றார்.

பிழையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி, இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இந்தத் திங்கட்கிழமை கரணையோடு அதையும் பையில் வைத்துக்கொண்டு போனார்.