ஊதாத் தலை வாத்தும் உத்தமர்களும்

நம் புகைப்படக் குழுவின் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வந்தவர்கள் நேரிலேயே பார்த்தீர்கள். வராதவர்களுக்கு இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். நம் குழுக்காரர் ஒருவர் என் மல்லார்டு வாத்துப் படத்தைத் திரையில் போட்டு, "இதில் பறந்தது வாத்து இல்லை, கம்ப்யூட்டர் மௌஸ்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். வேறென்ன செய்வது?

அவர் கண்டுபிடித்த குற்றம் இதுதான்: ஆண் மல்லார்டுக்குத் தலை பச்சை, என் படத்தில் ஊதா, ஆகவே நான் நிறத்தை மாற்றிவிட்டேன். ஐயா, அந்தப் பச்சை வெறும் சாயம் இல்லை. இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுத் திரும்பும்போது தெரிகிற நிறம் அது. வெயில் விழும் கோணம் மாறினால் அதே தலை நீலமாகும், ஊதாவும் ஆகும். பறக்கிற வாத்து லேசாகக் கழுத்தைத் திருப்பினால் அடுத்த ஃப்ரேமிலேயே நிறம் வேறு. என் ரா ஃபைலிலும், அதாவது சென்சார் பதிந்த மூலப் பதிவிலும், ஊதாதான். கேட்டிருந்தால் காட்டியிருப்பேன். மைக் கையில் இருக்கும்போது யார் கேட்கிறார்கள்?

சரி, எடிட் செய்தேனா? செய்தேன். எடிட் ஆகாத டிஜிட்டல் வண்ணப்படத்தை நம்மில் யாரும் எடுப்பதில்லை. நம் கேமரா சென்சாரில் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றைத்தான் பதிகிறது. மற்ற இரண்டையும் பக்கத்துப் புள்ளிகளை வைத்துக் கணக்குப் போட்டு நிரப்புவது மென்பொருள். "கேமராவில் வந்ததை அப்படியே போடுவேன்" என்று மார்தட்டுகிறவரின் ஜேபெக்கில், அதாவது கேமராவே முடித்துத் தரும் படத்தில், நிறம், கான்ட்ராஸ்ட், ஷார்ப்னஸ் எல்லாம் ஏற்கெனவே முடிவாகிவிட்டன. முடிவு செய்தவர் கேமரா கம்பெனியின் பொறியாளர். அவர் செய்தால் சத்தியம், நான் செய்தால் பித்தலாட்டம்!

பறக்கும் வாத்தை எடுத்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பின்னால் வெளிறிய வானம். அந்த வெளிச்சத்தைப் பார்த்து கேமரா மொத்தப் படத்தையும் இருட்டாக்கும், வாத்து கரிக்கட்டையாகிவிடும். சிறகடிப்பை நிறுத்திப் பிடிக்க ஷட்டர் வேகம் 1/2500 நொடியாவது வேண்டும். விடிந்தும் விடியாத நேரத்தில் ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன் அளவு) எங்கேயோ போய் நிற்கும், படமெங்கும் பொடிப்பொடிப் புள்ளிகளாக நாய்ஸ். அந்தப் படத்தில், இருட்டான பகுதிகளை வெளிச்சமாக்கும் ஷேடோ ஸ்லைடரை மெல்ல ஏற்றினேன். முதலில் கழுத்தின் வெள்ளை வளையம் தெரிந்தது. அப்புறம் மார்பின் செம்பழுப்பு. இன்னும் கொஞ்சம் ஏற்றியதும் சிறகின் அடிப்புறம், இறகு இறகாக. எதையும் நான் வரையவில்லை. வாத்தில் இருந்தது, ஃபைலிலும் இருந்தது.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1941-இல் எடுத்த ஒரு நிலவுப் படத்தைப் பல வருடங்கள் இருட்டறையில் திரும்பத் திரும்ப பிரின்ட் போட்டார். பிற்காலப் பிரின்ட்களில் வானம் கன்னங்கரேல். அவரை மேதை என்கிறோம்.

"அப்படியானால் எல்லையே கிடையாதா?" என்று வருவீர்கள். இருக்கிறதே. பெரிய காட்டுயிர்ப் படப் போட்டிகளில் க்ராப் செய்யலாம் (ஓரங்களை வெட்டலாம்), வெளிச்சம் நிழலைச் சரிசெய்யலாம், சென்சார் தூசியை நீக்கலாம். இல்லாததைச் சேர்க்கவோ இருப்பதை அழிக்கவோ கூடாது. சரிபார்க்க ரா ஃபைலும் கேட்பார்கள். குறுக்கே நிற்கும் நாணலைக்கூட நான் அழிப்பதில்லை. "ஏஐ வைத்து நாய்ஸ் எடுத்தால் இல்லாத இறகும் முளைக்குமே?" அளவு மீறினால் முளைக்கும். நான் மீறுவதில்லை. இதற்கு மேல் இந்த விஷயத்தில் பேச எனக்கு விருப்பமில்லை.

பொய் சொல்கிறவனுக்கு ஃபோட்டோஷாப் எதற்கு? வைல்ட்லைஃப் ஃபோட்டோகிராஃபர் ஆஃப் தி இயர் போட்டியில் 2009-இல் வென்றது, ஓநாய் ஒன்று வேலியைத் தாண்டும் படம். அது பழக்கிய ஓநாயாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நடுவர்கள் முடிவு செய்து, 2010 ஜனவரியில் பரிசைப் பறித்தார்கள். (எடுத்தவர் மறுத்தார், அதையும் சொல்லிவிடுகிறேன்.) தகராறு எடிட்டிங்கில் இல்லை, ஓநாயில்.

இவ்வளவு தூரம் வந்தாயிற்று, மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அதே மேடையில், என்னைக் கேலி செய்தவரின் படத்துக்கும் கைதட்டல் கிடைத்தது. நீர்ப்பரப்பு முழுக்க உட்கார்ந்திருந்த ஊசிவால் வாத்துகள் ஒரே நொடியில் எழும்பும் படம். "ஒரு ஸ்லைடரைக்கூடத் தொடவில்லை" என்றார், பெருமையாக. வாத்து பொதுவாகக் காற்றை எதிர்த்துத்தான் மேலெழும்பும். காற்று நம் முதுகில் படும்படி அசையாமல் உட்கார்ந்திருந்தால் நம் பக்கமாகவே வரும். கால் மரத்துப்போகும், பல நாள் வாத்தே வராது. அது தெரியாதவர் இல்லை அவர். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து இரை எடுக்கும் பறவையை ஒரு படத்துக்காகக் கிளப்பிவிடுவது எந்த எடிட்டில் சேர்த்தி?

அந்தப் படத்தை இன்னொரு முறை பாருங்கள். அத்தனை வாத்தும் நமக்கு வாலைத்தான் காட்டுகின்றன. பருந்து வந்தாலும் கூட்டமாக எழும்புமே என்று அவருக்காகப் பரிந்து பேச இரண்டு பேர் வருவார்கள். எழும்பும்தான். அந்தப் பருந்து சரியாக அவர் ட்ரைபாட் பக்கத்திலிருந்தா வந்தது?