போர்ட் எலன், ப்ரோரா இன்னும் மூடியே கிடக்கின்றனவா?

"ஸ்காட்லாந்தில் 1983-இல் மூடிய போர்ட் எலன், ப்ரோரா விஸ்கி ஆலைகள் இனி திறக்கவே திறக்காது, இருக்கும் பாட்டிலோடு சரி" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. ப்ரோரா 2021 மே மாதமே திறந்துவிட்டது. அங்கிருந்த பழைய செம்பு வடிகலன்கள் இரண்டையும் அலோவா நகருக்குக் கொண்டுபோய்ச் செப்பனிட்டுத் திரும்பப் பொருத்தினார்கள். இந்த மெனக்கெடலைச் சொல்லாமல் விடுவது அநியாயம். போர்ட் எலன் திறந்தது 2024 மார்ச்சில். 1993-இல் மூடிய ரோஸ்பேங்க் ஆலையும் 2023-இல் மீண்டும் வடிக்கத் தொடங்கியது. பழைய கலன்கள் திருடுபோனதால் அங்கே வடிகலன்கள் எல்லாம் புதிது.

திரும்பாதவையும் உண்டு. லின்லித்கோ ஊரின் செயின்ட் மேக்டலீன் ஆலை இன்று அடுக்குமாடிக் குடியிருப்பு.

இன்னொன்று: ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு ஊறினால்தான் சட்டப்படி ஸ்காட்ச். பாட்டிலில் போடும் வயது, அப்படிப் பீப்பாயில் ஊறிய ஆண்டுக் கணக்கு. ஆகவே 40 வயது போர்ட் எலன் என்று விற்பது, மூடுவதற்கு முன் வடித்த சரக்குதான்.